மூணு தடவை கூப்பிட்டாச்சு

கோர்ட் டவாலியை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெங்கலம் என்றுதான் சொல்வார்கள். மாடியில் நீதிபதி அறை வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், கீழே படிக்கட்டடியில் தூங்குகிறவன்கூடத் துள்ளி எழுந்துவிடுவான். அந்தக் குரல் ஒன்றுதான் நல்லது. மற்றபடி ஆள் சரியான சிடுமூஞ்சி. "வாசலை அடைக்காதீங்க, கீழ போங்க! பேர் சொன்னா வந்தாப் போதும்!" என்று வழக்குக்கு வந்த சனங்கள்மேல் காலையிலிருந்து எரிந்து விழுவார். அவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? முதுகுக்குப் பின்னால் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அவருடைய கூடப்பிறந்த அக்காவும் உட்கார்ந்திருந்தாள். அப்பா கட்டிய வீட்டில் பாதி கேட்டுத் தம்பிமேலேயே வழக்குப் போட்டவள். தீர்ப்பு அவள் பக்கம் போனால் வீட்டை விற்றுத்தான் பங்கு கொடுக்க வேண்டும். வெங்கலம் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அவளுக்கோ புருஷன் போனபிறகு கொழுந்தன் வீட்டுச் சமையலறையில்தான் படுக்கை. அதுவும் அவர்களுடைய முகச்சுளிப்புக்கு நடுவில். "நாசமாப் போறவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டே படியேறினார் வெங்கலம். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தன் வழக்கில் தானே டவாலியாக நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நீதிபதி மாற்றலாகி வந்தது போன வாரந்தான். வாசலில் நிற்கிறவனே எதிர்வாதி என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த குமாஸ்தாவோ, நமக்கெதுக்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்.

வழக்கு வந்தது. டவாலி மூன்று தடவை கூப்பிட வேண்டும். வழக்குப் போட்ட ஆள் வராவிட்டால் தள்ளுபடி. வெங்கலம் வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்று, பக்கத்தில் இருப்பவனுக்கு ரகசியம் சொல்வதுபோல அக்கா பெயரைச் சொன்னார். கீழே அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை உதடு மட்டுந்தான் அசைந்தது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க ஐயா. ஆள் இல்ல."

வழக்கு தள்ளுபடி. தொலைந்தது சனியன் என்று இருந்தது வெங்கலத்துக்கு.

அக்காவின் வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் வாதாடிவிட்டு வந்து, விஷயம் தெரிந்ததும் அவளை அவசரமாக மேலே கூட்டிவந்து நிறுத்தினார். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, காலையிலேர்ந்து கீழதான் இருக்கேன். தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. என் பேரை யாரும் கூப்பிடவே இல்லைங்க."

நீதிபதி டவாலியைப் பார்த்தார். "சத்தமாத்தான் கூப்பிட்டியா?"

வெங்கலத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கூப்பிட்டேன் ஐயா! பச்சைப் பொய் சொல்றா! எங்க அக்காவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஜன்னல் அதிர்ந்தது. கீழே இருந்த கூட்டம் என்னமோ ஏதோ என்று திமுதிமுவென மேலே ஓடிவந்து எட்டிப் பார்த்தது.

"உன் அக்காவா?" என்றார் நீதிபதி.

வழக்கு அன்றைக்கே மறுபடி கோப்பில் ஏறியது. வெங்கலத்திடம் விளக்கம் கேட்டு உத்தரவு. அடுத்த வாய்தாவில் வேறொருவர் பெயர் கூப்பிடுவார். இவர் கீழே, சனங்களோடு சனமாகக் காத்திருக்க வேண்டும்.

படிக்கட்டில் அக்காவை மறித்தார். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே, இப்பத் திருப்தியாடி உனக்கு?"

"அம்மா செத்ததை ஊருக்கெல்லாம் சொன்ன. எனக்குச் சொல்லலை. எல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுப் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னிக்காவது மெதுவாக் கூப்பிட்ட. அன்னிக்கு அதுகூட இல்லையேடா, பாவி!"

சொன்னால் வந்து பங்கு கேட்பாள் என்று பெண்டாட்டியும் அவருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு அது. அவரை விலக்கிக்கொண்டு அக்கா இறங்கிப் போனாள்.