மதகுக்காரியும் என் வீட்டுப் பாலும்

என் ஓரகத்தி பிரவீனாவைப் பற்றிக் கோயில் மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். எழுதுகிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுவேன்.

யோங் பெங் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை பார்த்தவள், என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் பொந்தியானுக்கு வந்தாள். மறுவருடமே கடலோர மதகில் அரசாங்க வேலை. கடல் ஏறினால் கதவை இறக்க வேண்டும், வடிந்தால் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. மீன்பிடிக்கப் போகிற சீனர்கள்கூட அவளிடம்தான் தண்ணீர் ஏறும் நேரம் கேட்கிறார்கள். பத்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன், என்னிடம் ஒருத்தரும் மணிகூடக் கேட்டதில்லை.

சரி, எனக்கும் ஒரு நாள் வந்தது. கடலோரமாகச் சொந்த வீடு கட்டினோம். அவள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். நாள்காட்டியைப் பார்த்து, ஆவணிப் பௌர்ணமியில் புதுமனை புகுவிழா என்று குறித்தேன். பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்கே பிரவீனா வந்து நின்றாள்.

"அன்னைக்கு வேணாம்க்கா. வேற நாள் பாருங்க லா."

ஏன் என்றேன். பௌர்ணமியன்று சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும், சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் தண்ணீர் கூடுதலாக ஏறும் என்றாள். மாதத்துக்கு ஒருமுறை நிலா பூமிக்குக் கிட்டே வந்துபோகுமாம். இந்தத் தடவை இரண்டும் ஒரே நாளில் விழுகிறது, அதனால் வழக்கத்தைவிட உயரமாக வரும், மேல்காற்றும் சேர்ந்துகொண்டால் கரை தாங்காது என்றாள். என் நாள்காட்டியில் ராகுகாலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது. நிலா கிட்டே வருவதெல்லாம் அதில் இல்லை.

"என் வீட்டப் பாத்து ஒனக்கு ஏம்மா இவ்ளோ பொறாமை?" என்று கேட்டுவிட்டேன்.

முகம் சுருங்கிப் போனது அவளுக்கு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விழாவுக்கு அவள் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், அவளுக்குப் பொறுக்கவில்லை என்றேன். பதினோரு மணிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினோம். அப்போதுதான் வாசலில் யாரோ தண்ணீர் வருகிறது என்று கத்தினார்கள். வந்தவர்களின் செருப்பெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. முதல் படி மறைந்துவிட்டது, இரண்டாம் படியும் நனைந்தது.

எல்லோரும் கரைக்கு ஓடினோம். பிரவீனா விடியற்காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாளாம். மதகை இறக்கிவிட்டு, எங்கள் சந்துக்கு நேரே கரை தாழ்ந்திருந்த இடத்தில் இரண்டு ஆட்களோடு மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை சேறு. மூட்டைக்கு மேலே வழிந்தது மட்டும்தான் எங்கள் படிக்கு வந்திருக்கிறது. அவள் அங்கே இல்லாவிட்டால் கடல் என் சாமி அறைக்குள் இருந்திருக்கும். என் விருந்தாளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு மூட்டை தூக்கிக் கொடுத்தார்கள். விழா என்னுடையது, கூட்டம் அவளுக்கு. அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பால் பொங்குச்சாக்கா?"

பால் பொங்கும்போது வீட்டில் யாருமே இல்லை. நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.