வாந்தி நின்றுபோன வாரம்

அம்மா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டால் எங்கள் லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். வண்டிப்பெரியாருக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கொண்ட தேயிலைத் தோட்டக் குடியிருப்பு அது. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னைக்கு வந்துச்சாட்டி?" என்பார். அம்மா பதிலுக்கு இன்னொரு முறை ஓங்கரிப்பாள். "ஆங், புள்ளைக்கு நெஞ்சு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார்.

இந்த வைத்தியக் கணிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கடுமையான மசக்கை. நான் குண்டுக்கல் மாதிரி பிறந்தேன். எனக்கு அடுத்தவனுக்கு அம்மா ஒரு நாள்கூட வாந்தி எடுக்கவில்லை. அவன் இதயத்தில் ஓட்டையோடு பிறந்து, ஞானஸ்நானம் முடிந்த கையோடு போய்விட்டான். ஆகவே வாந்தி வந்தால் பிள்ளையின் இதயம் பலம் என்று லயத்துப் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அம்மா எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டு வருவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, வாந்தி நிற்க வேண்டும் என்று மன்றாடினேன். மாதா தாமதிக்கவில்லை. அந்த வாரமே நின்றுவிட்டது.

"யம்மா, நான்தான் மாதாகிட்ட கேட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிறுத்திய வாந்தியைத் திரும்பக் கொடுக்கும்படி மாதாவிடம் ஓடினேன். இந்த முறை மாதா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் பெரியம்மா வேலைக்குப் போகாமல் எங்களுக்கு ஜீப் பிடித்துக் கொடுத்தார். அப்பா எங்கள் இருவரையும் மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மலையாளி. வாந்தி நின்றுபோனதை அம்மா அவரிடம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் போலச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே இன்றும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

"வாந்தியும் ஹார்ட்டும் தம்மில் ஒரு பந்தமும் இல்ல, கேட்டோ. அது தானே நின்னுபோகும். ஆனா இத்தனை வாந்தியை சகிச்சு வீட்டில இருக்கக்கூடாது, மருந்து உண்டு" என்றார். பிறகு திரையில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நாலு அறையும் நல்லா இருக்கு" என்றார். லயத்தில் எங்கள் மூவருக்கும் சேர்த்தே ஒன்றரை அறைதான். பிறக்காத பிள்ளைக்கு நாலு அறையா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மிஷினில் பிள்ளையின் இதயம் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. "இன்னொருக்கா வைங்கம்மா" என்றாள் அம்மா. டாக்டரம்மா வைத்தார். வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தும், அம்மா போதும் என்று சொல்லும்வரை வைத்தார்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புரோட்டாவும் மாட்டுக்கறியும் வாங்கினார் அப்பா. மாதக்கணக்கில் எதையும் விழுங்காத அம்மா, நெற்றி வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டாள். அப்பா தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கறியில் காரம் அதிகம் போலிருக்கிறது, அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, அவர் தட்டையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.