பாதி பந்தயக் குதிரை

வேலை போன பிறகும் காலையில் காரை எடுப்பதை நான் விடவில்லை. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை என் மனுசன், "இனியாவது ஆறுதலா நித்திரை கொள்ளும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் உடுப்புகளை மடித்து வைத்தேன். மடித்ததைக் குலைத்துத் திரும்பவும் மடித்தேன். கொஞ்ச நேரத்தில் 401 நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன், போவதற்கு ஓரிடமும் இல்லாமல்.

அப்படி அலைந்த ஒரு நாளில்தான், ஒஷாவாவுக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில், ஒரு குதிரைப் பண்ணையின் வாசலில் கொட்டில் துப்புரவாக்க ஆள் தேவை என்ற பலகையைக் கண்டேன். அதுவரை ஒரு குதிரையையும் தொட்டதில்லை. ஆனாலும் காரைத் திருப்பினேன். பண்ணைக்காரி அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண், அல்பேர்ட்டாவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சாணம் அள்ள ஒரு சவளைக் கையில் தந்தாள்.

அங்கே நின்றவை பெரும்பாலும் குவாட்டர் ஹோர்ஸ் எனப்படும் மேற்குப் பக்கத்து மாட்டுக்காரரின் குதிரைகள். கட்டையான கால்கள், திரண்ட பின்தொடை, எதற்கும் பதறாத கண்கள். ஒரேயொரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை மட்டும் வேறுமாதிரி இருந்தது. உயரம் கூட, கழுத்து நீளம், தோலுக்கடியில் நரம்புகள் தெரிந்தன. வேலியோரமாக அந்தலைக்கும் இந்தலைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் நடந்த இடத்தில் புல்லே இல்லை.

"இவளின் தாய் என்னுடைய மாட்டுக் குதிரை. தகப்பன் ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை, தரோபிரெட்" என்றாள் பண்ணைக்காரி.

"ஏன் கலந்தீர்கள்?"

"இந்த இனமே கலந்து வந்ததுதானே. கட்டைக் குதிரை சட்டென்று பாயும், ஆனால் தூரம் போனால் மூச்சு வாங்கும். பந்தய இரத்தம் சேர்ந்தால் உயரம் வரும், நீண்ட எட்டு வரும், மூச்சு வரும். கூடவே பதற்றமும் வரும். எவ்வளவு சேர்ப்பது என்பதில் எனக்கும் என் அப்பாவுக்கும் அவர் சாகும்வரை சண்டை."

கலப்பில் பிறக்கும் குட்டியை இனப் பதிவில் தனியாகத்தான் எழுதுவார்களாம். ஓடியோ வேலை செய்தோ தன்னை நிரூபித்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பார்களாம். சவளை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டேன். என் அப்பா யாழ்ப்பாணம், அம்மா மட்டக்களப்பு. அப்பாவின் ஆட்கள் என்னையும் அப்படித்தான் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்கள்.

துப்புரவாக்கப் போனவள் குதிரை ஏறவும் பழகினேன், ஒரு கிழட்டு மாட்டுக் குதிரையில். இடையில் தற்காலிக வேலைகள் வந்து போயின. எந்த வேலையிருந்தாலும் விடிந்ததும் முதலில் பண்ணைக்கு ஓடினேன். இரண்டு குளிர்காலம் அந்தச் செம்பழுப்பைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்தேன். கழுத்தைத் தடவினேன், தமிழில் கதைத்தேன். "நில்லடி பிள்ளை, கொஞ்சம் நில்லு." ஒரு மூச்சு நேரம் நிற்பாள். பிறகு தோள் துடிக்கும்.

அடுத்த வசந்தத்தில் அவள்மேல் ஏற, அதுவும் கன்றுகள் நின்ற பட்டிக்குள், நான்தான் அடம்பிடித்தேன். பண்ணைக்காரிக்கு மனமில்லை. கன்றை மறிக்கப் பழகிய மாட்டுக் குதிரையென்றால் தலையைத் தாழ்த்திக்கொண்டு கன்றின் கண்ணையே பார்த்தபடி காத்து நிற்கும். என் சேணத்துக்கடியில் அவளுடைய முதுகு நடுங்கியது. ஒரு கன்று விலகிய கணத்தில் அவள் பாய்ந்தாள். கன்று சட்டென்று திரும்பியது. அவளால் திரும்ப முடியவில்லை. நான் வேலியில் விழுந்தேன்.

காறை எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மனுசன் போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டார். "இந்த வயதில உமக்கு மாடு மேய்க்க வேணுமோ?" என்றார்.

அப்பாவின் தங்கை, என் மாமி, இடியப்பமும் சொதியும் கொண்டு பார்க்க வந்தா. கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தா.

"தாயின்ர பக்கத்து இரத்தம். ஓரிடத்தில இருக்க விடாது."

அம்மா ஐம்பது வயதில் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அதையும் மாமி இப்படித்தான் சொன்னவ. அன்றைக்கு அம்மா வாய் திறக்கவில்லை.

"ஓம் மாமி, அந்த இரத்தம்தான்" என்றேன். "நல்லா ஓடுது."

மாமி இடியப்பத்தைத் தட்டில் போடத் தொடங்கினா.

தோள் ஆறிப் பண்ணைக்குப் போனபோது, செம்பழுப்பை விற்கப்போவதாகப் பண்ணைக்காரி சொன்னாள். இலையுதிர்காலம் வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நான் அவளை அமைதியாக்கிவிடுவேன் என்றேன்.

"இரண்டு வருடமாக அவளை அவளுடைய தாயாக்கப் பார்க்கிறாய்" என்றாள் பண்ணைக்காரி. "அவளுக்குள் பாதி பந்தயக் குதிரை இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறாய்?"

வாங்க வந்தவள் பீப்பாய் ஓட்டக்காரி. மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் பறந்து வரவேண்டிய போட்டி அது. அந்த விளையாட்டில் பந்தய இரத்தத்துக்கு மதிப்பு அதிகமாம். அவள் செம்பழுப்பை ஒருமுறை வயலில் விரட்டிப் பார்த்தாள். காதுகள் பின்னால் படிய அந்த நீண்ட கால்கள் விரிந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். நான் அவளை நடக்கத்தான் வைத்திருந்தேன். ஓடவே விட்டதில்லை.

வாங்கியவளின் குதிரை ட்ரெயிலருக்குள் செம்பழுப்பை நானே ஏற்றிவிட்டேன்.

அதன் பிறகு வீட்டிலும் இருக்க முடியவில்லை, பண்ணையிலும் இருக்க முடியவில்லை. வேலியோரத்து மண் தடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விட்பியில் ஒரு கணக்கு வேலைக்கு விண்ணப்பித்தேன். கோடை முடிகிற நேரம், செம்பழுப்பு போட்டியில் ஓடுகிறாள் என்று செய்தி வந்தது. "உந்தத் தோளோட அவ்வளவு தூரம் ஓட்டவேண்டாம், நான் வாறன்" என்று மனுசன் சாவியை எடுத்தார்.

வாசல் திறந்ததும் அவள் சுட்ட குண்டு மாதிரி வந்தாள். முதல் பீப்பாய், இரண்டாவது. மனுசன் எழும்பி நின்றுவிட்டார். மூன்றாவதில் அகலமாகத் திரும்பிப் பீப்பாயைத் தட்டி விழுத்தினாள். அதற்குத் தண்டனை நேரம் கூட்டுவார்கள், பரிசு கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு வாசல்வரை அவள் ஓடிய ஓட்டத்துக்குச் சனம் கத்தியது.

"தட்டிப்போட்டாள்" என்றார் மனுசன், தானே தட்டியவர்போல.

பிறகு ட்ரெயிலர் அருகில் போய்ப் பார்த்தோம். வேர்வையில் நனைந்து, கட்டிய இடத்தில் முன்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். என் கையை முகர்ந்தாள். உடனே தலையைத் திருப்பி மைதானத்தைப் பார்த்தாள்.

"உவள் ஓடின பிறகும் சும்மா நிக்கிறாள் இல்லையே" என்றார்.

"இல்லை" என்றேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது துக்கமில்லை.

விட்பி வேலை கிடைத்தது. காலையில் பண்ணைக்கு இன்னும் போகிறேன். அடுத்த கோடையில், செம்பழுப்பின் தாயைப் பண்ணைக்காரி திரும்பவும் இனம் சேர்க்க இருந்தபோது, எந்தக் குதிரை நல்லது என்று என்னைக் கேட்டாள். பந்தயக் குதிரை என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுக் குதிரையைத்தான் விட்டாள். குட்டி வரும் வசந்தத்தில் பிறக்கும். அது ஓரிடத்தில் நிற்கும் என்கிறாள் அவள்.