மாத்திரை ஏதும் போட்டீங்களா?

நடைவழியில் எல்லோரும் ஓட, அவர் மட்டும் இரண்டு சோதனைக் குழாய்களை உள்ளங்கைச் சூட்டில் பொத்திக்கொண்டு நடந்து வருகிறார். எதிரே யாராவது வேகமாக வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுவிடுவார். "இடிச்சிடாதீங்கப்பா, இதுங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி!"

இதுங்க என்பது ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள். எங்காவது காயம் பட்டால் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பவை. குலுக்கினாலோ குளிரில் வைத்தாலோ காயமே இல்லாமல் கிளர்ந்துவிடும். பிறகு சோதனைக்கு ஆகாது. அதனால்தான் இந்த நடை. ஆய்வகத்தில் அவருக்கு மெதுவக்கா என்றே பேர். பக்கத்து மேசைக்காரனான எனக்கும் அவர் சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் மூன்று தரம் கேட்பார்: "மாத்திரை ஏதும் போட்டீங்களா?" வீட்டிலும் இதே விசாரணைதான். "தலைவலின்னா எங்க வீட்டுக்காரர் என்கிட்ட மூச்சு விடமாட்டார். நான் கேக்கிற கேள்வியில இன்னொரு தலைவலி வந்துடுதாம்."

போன வியாழக்கிழமை, ரத்தம் தருவதாகச் சொன்னவர் வரவில்லை. பேராசிரியரே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டணுவுக்குள் ஒரு நொதி, அதாவது என்சைம், 'ஒட்டுங்கள்' என்ற சேதியைத் தயாரித்து அக்கம்பக்கத்துக்கு அனுப்புகிறது. அதைத் தடுக்கும் புது மருந்துக்காக மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறார். மறுநாள் பெரிய கூட்டத்தில் பேச வேண்டும். அவரிடம் மட்டும் மெதுவக்கா எதுவும் கேட்கவில்லை. பெரியவரிடம் எப்படிக் கேட்பது?

மருந்தைக் கலந்து, தட்டணுக்களை உசுப்பிவிடும் சொட்டையும் விட்டார்கள். அவை ஒட்டினால் கருவியில் கோடு மேலே ஏறும். ஏறவில்லை. விரித்த பாய் மாதிரி கிடந்தது.

"ஜெயிச்சிட்டோம்! எல்லாரையும் கூப்பிடுங்க!" பேராசிரியர் ஒரு குதி குதித்தார்.

மெதுவக்கா கூப்பிடவில்லை. முதலிலேயே வைத்திருக்க வேண்டிய குழாய் ஒன்று அவசரத்தில் விட்டுப்போயிருந்தது: அதே ரத்தம், மருந்து கலக்காதது. அதிலும் சொட்டை விட்டு வைத்தார். அந்தக் கோடும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

"நானா? சேச்சே!"

"தலைவலிக்குக்கூட?"

"அது... ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுல, குழந்தைங்க போட்ட கூச்சல்ல ஒரு ஆஸ்பிரின். ஒண்ணே ஒண்ணு. நாலு நாள் ஆச்சேம்மா!"

"ஒண்ணு போதுங்க ஐயா. இதுங்களோட என்சைமைப் பூட்டிட்டு, சாவியை வீசிட்டுப் போயிடும். வேற செஞ்சுக்க இதுங்களுக்கு வக்கில்ல, பாவம். பழசெல்லாம் போய்ப் புதுசு வரணும். பத்து நாள் ஆகும்."

பேராசிரியர் நாற்காலியில் சரிந்தார். "நாளைக்கு என்னத்தைப் பேசறது?"

"போன வருஷம் பேசினதையே பேசுங்க. அதையே இன்னும் யாரும் சரியாப் புரிஞ்சுக்கல."

பேராசிரியர் குதித்துப் போட்ட சத்தத்துக்கு வெளியே ஏற்கெனவே காலடிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. கதவு திறப்பதற்குள் மெதுவக்கா கருவியிலிருந்து காகிதத்தைக் கிழித்தார். கோடுகள் உள்ளே போகும்படி நாலாக மடித்தார். பேராசிரியரின் சட்டைப் பையில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.