கம்மி பாட்டில்

மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புதுசு. அதற்காகவே செவுளில் சாயம் தடவி வைக்கிறவர்களும் எங்கள் வரிசையில் இருந்தார்கள். நான் முப்பது வருஷம் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் கூடை வைத்தவள். ஒரு நாள்கூடச் சாயத்தைத் தொட்டதில்லை. நேற்றைய மீன் என்றால் நேற்றைய மீன் என்று சொல்லித்தான் விற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒருவன் என் முகத்துக்கு நேரே டூப்ளிகேட் என்றான்.

என் மகள் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்கு வரும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ். குழந்தை பிறந்ததும் தினமும் போய்வர முடியவில்லை. வீட்டிலேயே அடித்துக் கொடு என்று அவர்கள் சொன்னார்கள். நகையை வைத்து ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில், நான் தலை வைத்துப் படுக்கிற இடத்தில்தான் அதற்கு மேஜை போட்டோம். அது கரகரவென்று தாளைத் துப்பும் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி பழகிவிட்டது.

பிரிண்டரோடு வந்த மை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. புது மை டப்பா என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

"இன்னாடி இது அக்கிரமம்? மூணு தபா மை வாங்குற காசுல மிஷினையே வாங்கிடலாம் போலக்கீதே?"

"அதாம்மா அவங்க யாவாரமே" என்றாள்.

யாவாரமாம். தராசைச் சும்மா கொடுத்துவிட்டு எடைக்கல்லுக்கு ஆயுசு முழுக்க வாடகை வாங்குவது போல. எனக்கு வந்த கோபம் அன்றைக்கு வந்ததுதான், இன்னும் முழுசாகப் போகவில்லை.

நாங்கள் நோட்டுப் புத்தகம் வாங்குகிற அண்ணாச்சி கடையில் ஜெராக்ஸும் உண்டு. அவர் வேறொரு டப்பாவை எடுத்து வைத்தார். பாதி விலைகூட இல்லை.

"டூப்ளிகேட்டா?" என்று கேட்டேன்.

"டூப்ளிகேட்டு இல்லம்மா, கம்பாட்டிபிள். வேற கம்பெனிக்காரன் பண்ணது. பெட்டி மேல அவன் பேரைத்தான போட்டிருக்கான், பாருங்க. ஒரிஜினல் பேரைப் போட்டு வித்தாத்தான் திருட்டு."

அவர் சொன்னது என் காதில் 'கம்மி பாட்டில்' என்று விழுந்தது. விலை கம்மி, உள்ளே மை இருக்கிற பாட்டில். பேர் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். விலை குறைந்த சீலா மீனைத் துண்டு போட்டு வஞ்சிரம் என்று விற்றால் குற்றம். சீலாவைச் சீலா என்றே விற்றால் அதில் என்ன குற்றம்? வாங்கிக்கொண்டு வந்தோம். எழுத்து கறுகறுவென்று விழுந்தது. ஆபீஸில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பிரிண்டர் காகிதத்தை உள்ளே இழுக்க மாட்டேன் என்றது. தாளைப் பிடித்து இழுக்கிற ரப்பர் உருளை சும்மா வழுக்கிக்கொண்டே சுற்றியது. இரண்டு நாளில் ஆபீஸ் காகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று முன்பே ஒரு முறை சொல்லியிருந்தார்கள். கேரண்டி ஒரு வருஷம் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. மகள்தான் தயங்கினாள்.

"எம்மா, அந்தப் பழைய ஒரிஜினல் டப்பா காலியா கீதுல்ல? அத்த மாட்டி எடுத்துகினு போலாம். வேற மை போட்டா கேரண்டி கெடையாதுன்னு சொல்லுவாங்களாம்."

"செவுளுக்குச் சாயம் பூசச் சொல்றியா? நாம இன்னா திருடிகினா வந்தோம்? போட்டத அப்டியே எடுத்துகினு வா."

ரிப்பேர் செய்கிற இடம் ஏசி போட்ட அறை. கழுத்தில் டை கட்டிய பையன் மூடியைத் திறந்தான். காகிதம் போகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. மை டப்பாவைப் பார்த்தான், மூடியை மூடினான்.

"டூப்ளிகேட் போட்டிருக்கீங்க மேடம். கேரண்டி போச்சு."

"டூப்ளிகேட் இல்ல நைனா, கம்மி பாட்டில்" என்றேன்.

அவன் பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டு, "கம்மி பாட்டிலாம்டா!" என்று சொல்லிச் சிரித்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.

"சிரிச்சி முடிச்சியா? இப்ப நான் சொல்றதக் கேளு. மை நல்லாத்தான் கீது, காயிதம்தான் உள்ள போவல. நான் மீன் விக்கறவ. ஒருத்தி வந்து, ஆயா நீ குடுத்த மீன் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா, நீ புளிய எந்தக் கடையில வாங்குனேன்னா கேப்பேன்?"

"அது மீன், இது மிஷின். கேரண்டி கார்டுலயே எல்லாம் போட்டிருக்கு. படிச்சுப் பாத்து வாங்கணும் பாட்டி."

படிச்சுப் பாத்து. அந்த வார்த்தையை அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ராயபுரம் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "உன் ரோஷத்துக்கு என் பொழப்பு போவுது." அவள் சொன்னது பொய் இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கார்டை எடுக்கச் சொன்னேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து.

"வரிவரியா தமிழ்ல சொல்லு."

"வுடும்மா, பேஜாரு பண்ணாத."

"சொல்லுடி."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தாள். பாதியில் குரல் மாறிவிட்டது. "வேற மையால வந்த ரிப்பேருக்குத்தான் கேரண்டி இல்லியாம்."

"மையாலன்னு போட்டுக்கீதா?"

"போட்டுக்கீது."

"உருளை வழுக்கறது மையாலயா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வரிக்குப் பக்கத்தில் அவளுடைய சாந்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன். எனக்கு அடையாளம் வேண்டுமே.

மறுநாள் காலையில் ரிப்பேர் கடை திறக்கும்போதே பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். கார்டை அந்தப் பையன் முன்னால் வைத்தேன். "இந்தப் பொட்டு கீற எடத்தப் படி, நைனா. எல்லாருக்கும் கேக்கற மாரி படி. நீதான் படிச்சவனாச்சே." அவன் மனசுக்குள் படித்தான். சத்தமாகப் படி என்றேன். முணுமுணுத்தான். இன்னும் சத்தமாக என்றேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த பெரியவர் எழுந்து வந்தார், கார்டை வாங்கிப் பார்த்தார், பிரிண்டரை உள்ளே எடுத்துப் போனார். அரை மணி நேரத்தில் புது உருளை போட்டாகிவிட்டது. காசு கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அன்றைக்கே கம்மி பாட்டில் மையிலேயே ஆபீஸ் காகிதம் எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். வேலை போகவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு ரிப்பேர்க்காரர்கள் கொடுத்த ரசீதை எடுத்து வைக்கும்போது மகள் படித்தாள். கேரண்டியில் சேராத ரிப்பேர், வாடிக்கையாளர் மேல் உள்ள நல்லெண்ணத்தால் இலவசமாகச் செய்து கொடுக்கப்பட்டது.

"நல்லெண்ணமா? அவங்களே எழுதிக் குடுத்தத செய்யறதுக்குப் பேரு நல்லெண்ணமா? நமக்கு இன்னா பிச்சையா போட்டாங்க?"

"வேல ஆயிடுச்சில்லம்மா, வுடு."

"அந்த வரி எதுன்னு காட்டு."

விரலை வைத்துக் காட்டினாள். பேனாவை வாங்கி, தாள் கிழியாமல், எழுத்து ஒன்றுகூட வெளியே தெரியாதபடி அதைக் கோடு போட்டு அடித்தேன். அடித்தது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அந்தக் காலத்தில் யாரையும் கேட்காமல் எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.