விரிசல் விழுந்த முருகர் படம்

மலேசியாவின் ஷா ஆலமில் தோழியின் புது வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. அந்தத் தீய்ந்த வாசனையில் எனக்கு மறுபடியும் பத்து வயது.

அன்றும் பால் காய்ச்சத்தான் போனோம். "அத்தை புது வீடு வாங்கியிருக்காங்க, கிளம்புடி" என்றார் அம்மா. அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் டிவி கேட்காது. பக்கத்து வீட்டு மெய் லிங்கிடம், சாயங்காலம் சைக்கிள் ஓட்ட வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

பெண்பிள்ளை கை நல்லதென்று என்னைத்தான் பால் ஊற்றச் சொன்னார்கள். "பொங்கிருச்சு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். நிமிர்ந்தால் சாமி மேடையில் எங்கள் முருகர் படம். என் பந்து பட்டு விழுந்த அதே விரிசல்.

"நம்ம சாமி இங்க எப்படிம்மா?"

"இனிமே இதான் நம்ம வீடுலா. சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல" என்று அப்பா சிரித்தார்.

என்னை ஏமாற்றியது போதாதென்று, மெய் லிங்கிடம் என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். அழுதேன். பால் பொங்கிய வீட்டில் அழக் கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்தினார்.

இங்கே எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் தோழியின் மகளைத் தேடுகிறேன். அவளிடமாவது முன்பே சொன்னார்களா?