அரியலூர்க் கல்லைக் காட்டிய பிரெஞ்சு அறிஞர்

போன வாரம் அக்கா மகள் திருச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருந்தாள். எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். "மாமா, பின்அமைப்பியல்னு ஒரு யூனிட் இருக்கு. சீனியர்ங்க குடுத்த நோட்ஸ் இது. ஒண்ணும் புரியல, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கூடவே ஒரு செய்தி.

திறந்தேன். வலப்பக்கம் சாய்ந்து விழும் எழுத்து, இரண்டாம் வரியிலேயே அடித்துத் திருத்திய ஒரு சொல். என் கையெழுத்து. சுடச்சுட வரும் ஜெராக்ஸ் தாளின் வாடை, செல்போனிலிருந்து அடித்ததுபோல் இருந்தது.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம் அது. கௌரவம் பெயரில்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் திரும்ப எடுப்பார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். பாடத்திட்டத்தில் பின்அமைப்பியல் வந்ததும் மூத்தவர்கள் நைசாக நழுவிக்கொள்ள, இளிச்சவாயன் நான் அகப்பட்டேன். குரும்பலூரில் வாடகை அறையில் உட்கார்ந்து ஒரு மாதம் மல்லுக்கட்டி, இருபது பக்கத்தில் ஓர் அறிமுகம் எழுதினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் மூலப்படி கிடக்கும். "பி.அ. ஒரு செட்டுண்ணே" என்றால் போதும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அதில் என் பெயரைப் போடவில்லை. எழுதி முடித்தபின் பிரதி வாசகருடையது, பொருள் கேட்டு எழுதியவரிடம் போக வேண்டியதில்லை என்பதுதானே பாடம்? அதற்கு நானே இலக்கணமாக இருக்கிறேனாம். அந்த வயதுத் திமிர், வேறென்ன.

ஒரு பொருளின் அர்த்தம் அதற்குள்ளேயே பொதிந்து கிடப்பதில்லை, மற்றவற்றோடு வேறுபடுவதில்தான் பிறக்கிறது, அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் வேப்பந்தட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் அரியலூர்ச் சுரங்கப் பக்கம் கிடைக்கிற நத்தைக் கல் ஒன்றைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். எந்தக் காலத்துக் கடல் நத்தையோ, கல்லாகிப் போனது.

"இது என்ன?"

"சிமெண்டு ஆலைக்குப் போற கல்லு சார்."

"எங்க வூட்டுல சாமி மாடத்துல இருக்கு சார்" என்றாள் மலர்விழி. அரியலூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மானாவாரி நிலம், வீட்டில் முதல் பட்டதாரி. எம்.ஏ. முடித்ததும் வேலை தருவதாக ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கல் ஒன்றுதான், இடத்துக்கு இடம் வேறாகிறது என்று அவள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கல் உதாரணத்தையும் நோட்ஸில் சேர்த்தேன்.

அங்கேதான் வினை. தமிழ்த்துறை நோட்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு, எந்த வாக்கியத்தையும் ஓர் அறிஞர் தலையில் கட்டி 'என்கிறார்' என்று முடித்தாக வேண்டும். தொட்டில் பழக்கம், கல்லுக்கும் ஒரு 'என்கிறார்' போட்டுத் தொலைத்தேன். பரீட்சையில் மொத்த வகுப்பும், பின்அமைப்பியல் சொன்ன பிரெஞ்சு அறிஞர் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லைச் சான்று காட்டி விளக்குகிறார் என்று எழுதிவிட்டு வந்தது.

மற்றவர்கள் எப்படியோ தேறினார்கள். கல்லை நம்பி இரண்டு பக்கம் எழுதியவள் மலர்விழி ஒருத்திதான். நான்கு மதிப்பெண்ணில் தேர்ச்சி போய்விட்டது. விடைத்தாளின் நகலை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அந்த இரண்டு பக்கத்துக்கும் குறுக்குக் கோடு, பக்கத்தில் 'எந்த நூல்?' என்று ஒரு கேள்வி.

"நோட்ஸ்ல இருந்ததுதான்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா, மறுமதிப்பீட்டுக்கு வச்சு அனுப்பிடுவேன் சார்."

அது ஜூன் மாதம். தப்பான நோட்ஸ் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் என் வேலை என்னாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சிரித்து மழுப்பினேன். "எழுதுனவனுக்குப் பிரதி மேல பாத்தியதை இல்லன்னு நீயே படிச்சிருக்கியேம்மா."

"அதெல்லாம் பாடத்துக்கு சார்" என்றாள். "மார்க் ஷீட்டுல எம் பேருதான போட்டிருக்கு."

விடைத்தாள் நகலை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள் என்று கேள்வி. அதற்குள் அந்தப் பள்ளியில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

அவளைக் காவு கொடுத்துக் காப்பாற்றிய வேலையும் இரண்டு வருடம்தான் தங்கியது. ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பின்அமைப்பியல் பாடத்தை எங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மலர்விழி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் சொல்ல யாரும் இல்லை.

அக்கா மகளுக்கு என்ன பதில் எழுதுவது என்று பி.டி.எஃப்.பைத் தள்ளிக்கொண்டே போனேன். பதினாலாம் பக்கத்தில் கல் வந்தது, 'என்கிறார்' அப்படியே இருந்தது. ஓரத்தில் வேறு கையெழுத்தில், பென்சிலில் இரண்டு வரி. விடைத்தாள் நகலில் நான் பார்த்த அதே குண்டு எழுத்து. கடையில் கிடந்த மூலப்படியிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

"இது நம்ம சார் சொன்ன உதாரணம். நல்லா புரியும். பரீட்சையில் எழுத வேண்டாம்."

என் பெயரை மட்டும் அவள் எழுதவில்லை.